சாக்கில் பிறந்த குட்டிக்கு மணலைக் காட்டுவது

தையல்காரி வீட்டுத் தரை வெறுந்தரையாக இருப்பதில்லை. மெஷினுக்குக் கீழே வெட்டுத்துண்டுகள், கதிரைக் கையில் விளிம்பு மடிக்க வேண்டிய பாவாடை, கட்டிலில் பாதி தைத்த சாறிச் சட்டைகள், தரையில் விரித்த அளவுக் கடதாசிகள். மட்டக்களப்பின் கல்லடி உப்போடையில், கடலுக்கும் வாவிக்கும் இடையில் இருக்கிற எங்கள் வீட்டின் முன் விறாந்தைதான் என் தையற்கடை. அங்கே ஒரு நாய்க்குட்டி வந்தால் முதலில் நனையப் போவது ஊரார் காசு கொடுத்து வாங்கித் தந்த துணி. அதனால் மகள் குட்டி கேட்டபோது நான் ஒரேயொரு நிபந்தனை போட்டேன்: சலம், மலம் கழிக்க அதைப் பழக்குவது என் வழியில்தான் நடக்கும், ஊர் வழியில் அல்ல.

ரோசி வந்தது வாவிக்கு அக்கரையில் உள்ள படுவான்கரையில் இருந்து. இவருடைய, அதாவது என் கணவருடைய, தம்பி வேலை செய்யும் நெல் ஆலையில், தவிட்டு அறைக்குள் தாய் நாய் குட்டி போட்டிருந்தது. கடுவன் குட்டிகளை ஆலைக்கு வந்தவர்கள் போட்டி போட்டுக்கொண்டு தூக்கிப் போய்விட்டார்கள். பெட்டைகள் மிஞ்சின. நம் ஊரில் எப்போதும் பெட்டைகள்தான் மிஞ்சும். அவற்றில் எத்தனை சந்தை மூலையில் பெட்டியோடு விடப்படுகின்றன என்பதைக் காலையில் மரக்கறி வாங்கப் போகிறவர்களிடம் கேளுங்கள். எங்களுக்குக் கிடைத்தது செம்மண் நிறம், ஒரு காது மடிந்தது, எட்டு வாரம் முடிந்தது. எட்டு வாரத்துக்கு முன்னால் தாயிடமிருந்து பிரிக்க வேண்டாம் என்று நான்தான் சொல்லி வைத்திருந்தேன்.

வந்த அன்றே வாசலில் கிடந்த சாக்கில் சலம் விட்டது. அடுத்தது மாமியின் அறை வாசலில் கால் துடைக்கப் போட்டிருந்த பழைய துவாய். அதற்கடுத்தது மெஷினுக்கடியில் இருந்த வெட்டுத்துண்டுக் குவியல். மகளுக்கு ஒரே சிரிப்பு, மாமிக்கு ஒரே கோபம். நான் வேறொன்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டில் பழைய சிவப்புச் சீமெந்துத் தரை. குட்டி அந்தத் தரையில் மூக்கை ஓட்டிக்கொண்டு வரும், ஓரிடத்தில் சுற்றும், பின்னங்காலை மடிக்கப் போகும், பிறகு மனம் மாறியது போல எழுந்து நடக்கும். காலுக்கடியில் துணியோ சாக்கோ தட்டுப்படும் வரையில் நடக்கும். தட்டுப்பட்டதும் முன்னங்கால் விரல்கள் சற்றே விரியும், நகம் இழையில் ஒருமுறை பதியும், அப்புறம்தான் உட்காரும். இவ்வளவு நடந்தும் வெறுந்தரையில் ஒரு சொட்டு விழவில்லை.

இவருடைய தம்பிக்குத் தொலைபேசி எடுத்து, குட்டிகள் எங்கே படுத்திருந்தன என்று கேட்டேன். "அண்ணி, அந்த அறையில் சாக்கு இல்லாத இடம் எங்கே இருக்கிறது?" என்றான்.

அதுதான் விடை. பிறந்த நாய்க்குட்டி தானாகச் சலம் விடாது. தாய் நக்கிவிட்டால்தான் விடும். மூன்று வாரமளவில் தானாக விடத் தொடங்கும்போது, படுத்திருந்த இடத்தை விட்டு நாலடி தள்ளிப் போகப் பார்க்கும். படுக்கையை அசுத்தப்படுத்தக் கூடாது என்ற எண்ணம் அதன் இரத்தத்திலேயே இருக்கிறது. நாம் கற்பிக்க வேண்டியதில்லை. தள்ளிப் போய் நிற்கும் இடத்தில் காலுக்கடியில் என்ன இருக்கிறதோ அது மெல்ல மெல்ல மனதில் பதியும். இரண்டு மாதம் ஆகும்போது, 'இதற்குரிய இடம் இப்படித்தான் இருக்கும்' என்ற தீர்மானம் ஏறக்குறைய முடிந்துவிடும். புல்லில் வளர்ந்தது புல்லைத் தேடும், சீமெந்தில் வளர்ந்தது சீமெந்தைத் தேடும். ரோசி தள்ளிப் போன இடமெல்லாம் சாக்கு. ஆகவே எங்கள் வாசல் சாக்கில் உட்கார்ந்தபோது அது தன் கணக்கில் ஒழுங்கான பிள்ளையாகத்தான் நடந்துகொண்டது.

இதை விளங்கப்படுத்தினால் யார் கேட்கிறார்கள்? முன்வீட்டு அண்ணன் வேலிக்கு மேலால் தலையை நீட்டி, "தங்கச்சி, மூக்கைப் பிடித்து அதிலேயே நன்றாகத் தேய்த்துவிடு, இரண்டாம் நாள் சரியாகிவிடும்" என்றார். அவர் வீட்டு நாய் கட்டிலுக்கடியில் போய் வெளிக்கிருக்கிற விடயம் ஒழுங்கைக்கே தெரியும். அது ஏன் கட்டிலுக்கடியில் போகிறது என்று அவர் யோசித்ததில்லை. மூக்கைத் தேய்த்தால் குட்டி படிப்பது ஒன்றே ஒன்றுதான்: மனிதர் இருக்கும்போது சலம் விடுவது ஆபத்து. வீட்டுக்குள் விடக் கூடாது என்பது அதற்கு எட்டுவதில்லை. பிறகு நாம் வெளியே கொண்டுபோய் நிறுத்தினாலும், நாம் பார்த்துக்கொண்டு நிற்கிறோம் என்பதற்காகவே அடக்கும்; உள்ளே வந்து, ஆள் இல்லாத மூலையாகப் பார்த்து விடும்.

"அதற்குத் தன் குற்றம் தெரியும், முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது" என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். காதை மடித்து, வாலை ஒடுக்கி, கண்ணைத் திருப்பும் அந்த முகம். நியூயோர்க்கில் அலெக்சாண்ட்ரா ஹோரோவிட்ஸ் என்ற ஆய்வாளர் 14 நாய்களை வைத்து இதைச் சோதித்து 2009இல் வெளியிட்டார். தின்னக் கூடாது என்று சொல்லப்பட்ட தீனியை உண்மையில் தின்ற நாய், தின்னாத நாய், தின்றதாக எசமானிடம் பொய்யாகச் சொல்லப்பட்ட நாய் என்று மாற்றி மாற்றிப் பார்த்தார். அந்தக் குற்றவாளி முகம் வந்தது, திட்டு வாங்கிய நாய்களுக்கு. தின்றதா இல்லையா என்பது அதில் பொருட்டாக இருக்கவில்லை. ஒன்றும் செய்யாமல் திட்டு வாங்கியவைதான் அந்த முகத்தை இன்னும் அதிகமாகக் காட்டின. இதை நான் முன்வீட்டு அண்ணனிடம் சொன்னேன். "அது அமெரிக்க நாய்" என்றார்.

எங்கள் மாமி அடிக்கவே கூடாது என்ற கட்சி. காரணம் வேறு: நாய் வைரவருடைய வாகனம். சாமி அறைக்குள் மட்டும் வாகனம் வரக் கூடாது, அதை நான் பார்த்துக்கொள்ள வேண்டும். 1978 சூறாவளிக்கு முன் இந்த வளவில் நின்ற ஒரு நாயைப் பற்றி மாமி சொல்லத் தொடங்கினால் ஒரு சட்டை தைத்து முடியும். அதனால் அதை இங்கே விடுகிறேன்.

கடதாசி விரித்துப் பழக்குவது பலர் செய்யும் வேலை. மாடி வீட்டில் இருப்பவர்களுக்கும், முற்றம் இல்லாதவர்களுக்கும் அது சரி. ஆனால் குட்டிக்குக் கடதாசிதான் அந்த இடம் என்று பதிந்தால் பிறகு அதை மாற்ற இன்னொரு தடவை பாடம் எடுக்க வேண்டும். என் வீட்டில் அது நினைக்கவே முடியாதது. சட்டைகளின் அளவுக் கடதாசிகள், கழுத்து வெட்டு, கை வெட்டு என்று பல வருடச் சேகரிப்பு தரையில்தான் விரியும்.

நான் செய்தது இதுதான். வீட்டுக்குள் இருந்த சாக்கு, கால் துணி, வெட்டுத்துண்டு எல்லாவற்றையும் ஒரே நாளில் எடுத்து உயரத்தில் வைத்தேன். வாசலில் வெறும் படி. பிறகு ஒரு பழைய சணல் சாக்கை, குட்டி ஏற்கெனவே நனைத்திருந்ததையே, கழுவாமல் வளவின் கிழக்கு மூலையில் பூவரசுக்குக் கீழே மணலில் விரித்தேன். அந்த மூலையைத் தேர்ந்தது சும்மா இல்லை. கிணறு மேற்குப் பக்கம். எங்கள் பகுதியில் மணலைத் தோண்டினால் கொஞ்ச ஆழத்திலேயே தண்ணீர் வந்துவிடும். மேலே ஊற்றுவது எல்லாம் கீழே போகும். கச்சான் காற்று மேற்கில் இருந்து அடிக்கும் மாதங்கள் அவை. கிழக்கு மூலையில் என்றால் மணம் வீட்டுக்கு வராமல் கடற்பக்கம் போய்விடும்.

சாக்கைக் கண்டதும் ரோசி தயங்கவே இல்லை. போய் நின்றது, விரல் விரிந்தது, உட்கார்ந்தது. உட்கார்ந்து எழுந்த அந்த நொடியிலேயே, வாயில் ஒரு துண்டு அவித்த மீன். பாராட்டோ தீனியோ ஓரிரு நொடிக்குள் கிடைக்க வேண்டும். குசினிக்குப் போய் எடுத்து வந்து கொடுத்தால், குசினி வரை நடந்து வந்ததற்காகக் கொடுத்தது என்றுதான் குட்டி நினைக்கும். ஆகவே முள் எடுத்த மீன் துண்டுகள் ஒரு சின்ன டப்பாவில் என் இடுப்பில் இருந்தன. வந்த வாடிக்கைக்காரர்களுக்கு அந்த மணம் பிடித்திருக்காது. யாரும் அளவு எடுக்க மாட்டேன் என்று சொல்லவில்லை.

குட்டி சாக்குக்குத் தானாக ஓடத் தொடங்கிய பிறகு கத்திரிக்கோலை எடுத்தேன். சாக்கின் நான்கு பக்கமும் ஒரு சாண் வெட்டினேன். இரண்டொரு நாள் விட்டு இன்னொரு சாண். வெட்டிய இடத்தில் இழை பிரியும், அந்த இழைகள் மணலோடு கலக்கும். முன்னங்கால் சாக்கிலும் பின்னங்கால் மணலிலும் நிற்கும் கட்டம் வந்தது. பிறகு கைலேஞ்சி அளவு. பிறகு அதன் மேலேயே ஒரு பிடி மணலைத் தூவினேன். கடைசியில் துண்டை எடுத்துவிட்டேன். ரோசி வந்து, அந்த இடத்தை மோந்து பார்த்து, மணலில் உட்கார்ந்தது. இவ்வளவு திருப்தி எனக்கு எந்தக் கலியாணச் சட்டையிலும் கிடைத்ததில்லை.

சாக்கு இடத்தைச் சொல்லும், நேரத்தைச் சொல்லாது. நேரம் பார்ப்பது நம் வேலை. மாதக் கணக்கோடு ஒன்றைக் கூட்டினால் குட்டி அடக்கக்கூடிய மணிநேரம் வரும் என்பது பொதுவான கணக்கு. இரண்டு மாதக் குட்டி என்றால் மூன்று மணிநேரம். இது தூங்கும் குட்டிக்குச் சரி. விழித்து ஓடி விளையாடும் குட்டிக்கு அந்தக் கணக்கு செல்லாது. தூங்கி எழுந்ததும், சாப்பிட்டு ஐந்து நிமிடத்தில் இருந்து அரை மணிநேரத்துக்குள், தண்ணீர் குடித்த பிறகு, விளையாட்டு நடுவில் என்று வந்துகொண்டே இருக்கும். வயிற்றுக்குள் உணவு இறங்கியதும் குடல் தானாக அசையும். மனிதக் குழந்தைக்கும் அப்படித்தான். ஆகவே சாப்பாட்டை நேரத்துக்குக் கொடுத்து, கால் மணிநேரத்தில் கோப்பையை எடுத்துவிட்டால், வெளிக்குப் போகும் நேரமும் ஒழுங்காகிவிடும். நாள் முழுக்கச் சோற்றுக் கோப்பை கீழே கிடக்கும் வீட்டில் எந்தக் கணக்கும் நிற்காது.

நான் மெஷினில் இருப்பதால் கண்ணும் காதும் வேண்டும். குட்டி சத்தம் போட்டால் பயமில்லை. விளையாடிக்கொண்டிருந்தது திடீரென்று அமைதியானால்தான் ஊசியை நிறுத்த வேண்டும். மூக்குத் தரையில், நடை வேகமாக, வட்டம் சின்னதாகச் சின்னதாக. அந்த நேரத்தில் கத்தக் கூடாது. தூக்கிக்கொண்டு போனால் போதும். தூக்கியதும் பெரும்பாலும் அடக்கிக்கொள்ளும்.

"வெளியே இவ்வளவு நேரம் நின்றேன், ஒன்றும் இல்லை, உள்ளே வந்த உடனே விட்டது" என்ற புலம்பலைப் பலரிடம் கேட்டிருக்கிறேன். வெளியே என்ன நடக்கிறது என்று பாருங்கள். காகம் வருகிறது, கோழி கிளறுகிறது, தேங்காய்ப் பாளை விழுகிறது, வெட்டுக்கிளி பாய்கிறது. குட்டிக்குச் சலமே மறந்துபோகிறது. உள்ளே வந்து எல்லாம் அடங்கியதும் ஞாபகம் வருகிறது. அதனால் நான் கழுத்தில் ஒரு கயிறு போட்டு, அதே மூலையில், மரம் மாதிரி நின்றேன். பேச்சு இல்லை, கொஞ்சல் இல்லை. வேலை முடிந்த பிறகுதான் கயிறு கழரும், விளையாட்டு தொடங்கும். இதில் இன்னொரு நுட்பம் இருக்கிறது. வேலை முடிந்த உடனே உள்ளே தூக்கிப் போனால், 'விட்டால் வெளி உலகம் முடிந்துவிடும்' என்று குட்டி கண்டுபிடித்துவிடும். பிறகு விளையாட்டை நீட்ட வேண்டும் என்பதற்காகவே அடக்கும். அவை மடையர்கள் இல்லை.

இரவுக்குத் தேயிலைப் பெட்டி. இவருடைய அப்பா காலத்துப் பலகைப் பெட்டி, ஓரத்தில் தகரம் அடித்தது. தகர விளிம்புகளைத் தட்டி மடக்கி, பக்கவாட்டில் சாய்த்து, எங்கள் கட்டிலருகே இவர் வைத்தார். குட்டி நீட்டிப் படுத்துத் திரும்ப மட்டும் இடம். பெரிய இடம் கொடுத்தால் ஒரு மூலையில் படுத்து மறு மூலையை அசுத்தமாக்கும். பெட்டிக்குள் துணி எதையும் போடவில்லை, காரணம் உங்களுக்கே தெரியும். வெறும் பலகையில் எப்படிப் படுக்கும் என்று மகள் அழுதாள்; மாமி ஒரு பன்பாயைக் கொடுத்தார், அது ஒத்துக்கொண்டது. நடு இரவில் முனகும். ஒருவர் எழுந்து, விளக்குப் போடாமல், பேசாமல், மூலைக்குக் கொண்டுபோய்க் கொண்டுவர வேண்டும். இவர் நீர்ப்பாசனத் திணைக்களத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். வாழ்நாள் முழுக்க மதகு திறந்து பூட்டிய மனிதருக்கு இது தகுந்த வேலை என்று சொல்லி அவரிடம் ஒப்படைத்தேன்.

கழுவுவதைப் பற்றி ஒரு வார்த்தை. நம் வீடுகளில் உடனே பினைல் போத்தலைத் தூக்குவார்கள். பினைல் மணத்தில் நமக்குத்தான் மற்ற மணம் மறைகிறது. குட்டியின் மூக்கு அதற்கும் கீழே இருப்பதைப் பிடித்துவிடும். தரையை நக்கும் வயதில் பினைல் அதன் வயிற்றுக்கும் நல்லதல்ல. அமோனியா கலந்த திரவங்கள் இன்னும் மோசம், சலத்தின் மணமே அமோனியாதான். 'இங்கே வந்து இரு' என்று அழைப்பிதழ் அடித்துக் கொடுப்பதாக முடியும். புளீச்சைச் சலத்தின் மேல் ஊற்றினால் மூச்சை அடைக்கும் நச்சுப் புகை வரும். நான் பழைய துணியால் முதலில் ஒற்றி எடுப்பேன், தேய்க்க மாட்டேன். பிறகு சவர்க்காரத் தண்ணீர், பிறகு வினாகிரியும் தண்ணீரும் பாதிக்குப் பாதி, காய்ந்ததும் அப்பச்சோடாவைத் தூவிக் கூட்டி எடுப்பேன். துணி என்றால் இதோடு ஒரு நாள் வெயில். சலத்தைச் சிதைக்கும் நொதியம் கலந்த திரவங்கள் கொழும்பில் கிடைக்கின்றன, அவை இதைவிட நல்லவை.

காத்தான்குடியில் இருந்து எனக்குத் துணி கொண்டுவரும் முஸ்லிம் அண்ணன் ஒருவர் இருக்கிறார், காக்கா என்றுதான் கூப்பிடுவேன். என் தொழில் தொடங்கிய நாள் முதல் பழக்கம். நாயின் எச்சில் பட்டால் அவர்கள் ஏழு தடவை கழுவ வேண்டும், அதில் ஒரு தடவை மண் கலந்த நீரால். அவர் அதைப் பெரிதாகச் சொல்லவில்லை. துணிக் கட்டைப் படலைக்கு வெளியிலேயே வைத்துவிட்டு, "தங்கச்சி, இனிமேல் இங்கேயே வைக்கிறேன்" என்றார். அது எனக்குச் சரியாகப் படவில்லை. அவர் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால் ரோசி பெட்டிக்குள் போக வேண்டும் என்று பழக்கினேன். பெட்டிக்குள் போனால் மீன் துண்டு. இப்போது காக்கா பழையபடி விறாந்தைக் கதிரையில் இருந்து தேநீர் குடிக்கிறார்.

மோட்டார் சைக்கிள் என்றதும் இன்னொன்று. இவர் வெளியே போய் வந்து குனிந்து தடவினால் குட்டி அந்த இடத்திலேயே சொட்டுச் சொட்டாக விடும். இதைப் பழக்கக் குறைவு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. மகிழ்ச்சியும் பணிவும் சேர்ந்து தானாக வருவது, குட்டிக்கே தெரியாது. திட்டினால் கூடும். வந்ததும் கவனிக்காமல் நடந்து, சற்று ஆறியபின் பக்கவாட்டில் குந்தி இருந்து கையை நீட்டினால் குறையும். வளர வளரத் தானாக நின்றுவிடும். ஆனால் அடிக்கடி குந்துகிறது, வருவதோ சில சொட்டு, அல்லது இரத்தம் கலந்திருக்கிறது என்றால் சிறுநீர்ப் பாதையில் கிருமி தொற்றியிருக்கலாம். பெட்டைகளுக்கு அது சுலபமாக வரும். அங்கே பயிற்சி உதவாது, கால்நடை வைத்தியர்தான் உதவுவார்.

மணலில் பழக்கியதால் வந்த பொறுப்பு ஒன்று இருக்கிறது, அதை யாரும் பேசுவதில்லை. நாய்க்குட்டிகள் தாயின் வயிற்றிலிருந்தும் பாலிலிருந்தும் புழுக்களோடுதான் வருகின்றன. கொக்கிப்புழு முட்டை மலத்தோடு மணலில் விழுந்தால், சூடும் ஈரமும் நிழலும் இருந்தால், ஒரு வாரமளவில் வெறுங்காலைத் துளைத்து ஏறும் புழுவாகிவிடும். பூவரசு நிழலில் எங்கள் மணல் அதற்குச் செய்து வைத்த மாதிரி. அந்த வகைகளில் ஒன்றுக்கு நம் நாட்டின் பெயரே இருக்கிறது: அன்சிலோஸ்டோமா செய்லானிக்கம். 1911இல் இலங்கையின் ஒரு மரநாயின் குடலில் எடுத்ததை வைத்துப் பெயரிட்டார்கள், மனிதருக்கும் தொற்றும். ஆகவே மலத்தை அன்றன்றே மண்வெட்டியால் அள்ளி, கிணற்றுக்குத் தூரமாக ஆழப் புதைக்க வேண்டும். பிள்ளைகள் அந்த மூலையில் செருப்பில்லாமல் விளையாடக் கூடாது. குட்டிக்குப் பூச்சி மருந்து முதலில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, பிறகு மாதம் ஒருமுறை. வைத்தியர் தடுப்பூசிகள் முடியும் வரை ஒழுங்கைக்கு இறக்க வேண்டாம் என்றார். குட்டிகளுக்குக் கடும் வயிற்றுப்போக்கைத் தரும் பார்வோ வைரஸ் மண்ணில் மாதக்கணக்கில் கிடக்கும், தெருநாய் நடந்த இடமெல்லாம் சந்தேகம்தான். மூன்று மாதத்தில் விசர்நாய்த் தடுப்பூசியும் போட்டாயிற்று.

எல்லாம் ஒழுங்காக நடந்துகொண்டிருக்கையில் மாரி தொடங்கியது. எங்கள் வருட மழையின் பெரும்பங்கு நவம்பரில் இருந்து ஜனவரிக்குள் கொட்டித் தீர்த்துவிடும். கச்சான் காலத்தில் வந்த குட்டி மழையைக் கண்டதில்லை. படியில் நின்று ஒரு முன்னங்காலை வெளியே வைக்கும், நனைந்ததும் உதறும், என் முகத்தைப் பார்க்கும், திரும்பி உள்ளே போகும். பூவரசு மூலையில் தண்ணீர் கட்டி நிற்கிறது. மணல் என்று அதற்குத் தெரிந்த ஒன்றே அங்கே இல்லை. இதோடு வடகிழக்கில் இருந்து அடிக்கும் வாடைக்காற்று வேறு, கிழக்கு மூலையின் மணத்தை நேரே குசினிக்குள் கொண்டுவந்தது.

அதற்கு மேல் மாமி ஒரு காரியம் செய்தார். மட்டக்களப்பில் மழை தொடங்கினால் எந்த வீட்டிலும் முதலில் நடக்கும் காரியம்: எல்லா வாசலிலும் சாக்கு விரிப்பது. சேற்றுக்கால் துடைக்க வேண்டுமல்லவா. பழைய சிநேகிதனைக் கண்ட ரோசிக்கு எவ்வளவு ஆனந்தம்! மூன்று வாசல், மூன்று சாக்கு, மூன்றும் நனைந்தன. மாமி கோபிக்கவில்லை, "மழையில் நனைந்தது போல இருக்கட்டும்" என்றார். நான் சாக்குகளைத் தூக்கிவிட்டு, புள்ளி வைத்த இறப்பர் விரிப்புகளை வாங்கிப் போட்டேன். காலுக்கு அது சாக்கு மாதிரி இல்லை, எனவே சிக்கல் இல்லை.

வெளிப்புறத்துக்கு இவர் வழி செய்தார். வீட்டின் பக்கச் சுவரோடு தகரத்தைச் சாய்த்து இறக்கி, கீழே நான்கு தென்னங்குற்றிகளைச் சதுரமாக அடுக்கி, உள்ளே காய்ந்த மணலை ஒரு சாண் உயரத்துக்கு நிரப்பினார். அந்த மணலில் பூவரசு மூலை மணல் ஒரு சிரட்டை கலந்தேன், மணத்துக்காக. முதல் நாள் மகள் குடையைப் பிடித்தாள், நான் கயிற்றைப் பிடித்தேன், தகரத்தில் மழை பறை அடித்தது, குட்டி நடுங்கியது. காலுக்கடியில் மணல் பட்டதும் நடுக்கம் குறைந்து, விரல் விரிந்தது. அள்ளுவதும் மாற்றுவதும் நம் வேலை. கிழமைக்கு ஒரு தடவை மேல் மணலை எடுத்துவிட்டுப் புது மணல். மழை நாளில் மலத்தை அள்ளாமல் விட்டால் வெள்ளம் அதைக் கிணற்றுப் பக்கம் கொண்டுபோகும் என்பதையும் நினைவில் வையுங்கள். 2011 ஜனவரி வெள்ளத்தைக் கண்டவர்களுக்கு இதை அதிகம் சொல்லத் தேவையில்லை.

இப்போது ரோசி வளர்ந்துவிட்டது. வெளியே போக வேண்டுமென்றால் குரைப்பதில்லை; வந்து என் மெஷினின் மிதிபலகையில் ஏறி உட்கார்ந்துகொள்கிறது. கால் ஓடாது, ஊசி ஓடாது, எழுந்து கதவைத் திறப்பதைத் தவிர வேறு வழியில்லை. இதை நான் கற்பிக்கவில்லை.

மணல் பாடம் கொஞ்சம் அதிகமாகவே ஏறிவிட்டது என்பதும் உண்மை. அக்கரைப்பற்றில் இருக்கும் என் தங்கை வளவு முழுக்க இன்டர்லொக் கல் பதித்திருக்கிறாள். ஒரு புல் இல்லை, ஒரு பிடி மண் இல்லை, அதில் அவளுக்குப் பெருமையும் கூட. போன தடவை ரோசியைக் கூட்டிப் போனோம். காலையில் இருந்து அடக்கிக்கொண்டு, அந்தக் கல்லின் மேல் இங்கும் அங்கும் நடந்து, தங்கையின் பூச்சாடிகளை ஒவ்வொன்றாக ஆராய்ந்தது. தங்கை முகம் சிவந்துவிட்டது. கடைசியில் இவர் மோட்டார் சைக்கிளில் வைத்துக் கடற்கரைக்குக் கொண்டுபோனார். இறக்கிய இடத்திலேயே நீண்ட நேரம் உட்கார்ந்திருந்ததாம்.

அடுத்த மாதம் தங்கை மகளுக்குக் கலியாணம். ரோசிக்கு அங்கே மண் இல்லை, ஆகவே தான் வீட்டில் நின்று பார்த்துக்கொள்வதுதான் நியாயம் என்று இவர் இரண்டு கிழமையாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். கலியாண வீட்டில் நாலு பேரோடு நின்று சிரிப்பது அவருக்கு எப்போதும் கசப்பு. பெயின்ட் வாளி இரண்டில் மணல் நிரப்பி மூடி வைத்துவிட்டேன். இருவரும் வருகிறார்கள்.